இருட்டில் மறைந்து நிற்காதீர்கள்: தோட்டப்புற நகரில் இரவுப் படம் எடுப்போர் கவனத்திற்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் நான் நடத்தும் இரவு நடைப் புகைப்படப் பயிற்சிக்கு வரும் இளைஞர்களில் பெரும்பாலோர் கறுப்புச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையுமாக வருகிறார்கள். கடைக் கண்ணாடிகளில் தங்கள் உருவம் விழக்கூடாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். காரணம் தவறன்று. ஆனால் நள்ளிரவுக்கு மேல், கடைகளெல்லாம் அடைத்த தெருவில், கறுப்பு உடையில் ஒருவர் தூண் மறைவில் அசையாமல் நின்றுகொண்டிருப்பது மாடி ஜன்னலிலிருந்து பார்க்கும் ஒரு குடும்பத்துக்கு எப்படித் தோன்றும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. வளைவில் திரும்பும் லாரி ஓட்டுநருக்கோ அவர்கள் தோன்றவே மாட்டார்கள். இரவில் படம் எடுப்பவருக்கு நேரும் தொல்லைகளில் பெரும்பகுதி அவர் மறைந்து நிற்பதால் வருகிறது என்பதே இத்தொழிலில் நான் கண்டது. ஆகவே, ஒளியைப் பிரதிபலிக்கும் மேலங்கி ஒன்றை அணியுங்கள். கண்ணாடியில் உருவம் விழுந்தால் ஓரடி நகர்ந்து நின்றால் போதும்.

எல்லோரும் வழிப்பறிக்குத்தான் அஞ்சுகிறார்கள். என் பயிற்சிகளில் அதிகமாகக் காயப்படுத்தியது லோங்காங் எனப்படும் சாலையோர வடிகால்தான். பழைய கடைவரிசையை முழுதாகச் சட்டத்துக்குள் கொண்டுவர, கண்ணைக் கேமராவில் வைத்தபடியே பின்னோக்கி ஓரடி, இன்னும் ஓரடி என்று நகர்வார்கள். பின்னால் மூடியில்லாத வடிகால் இடுப்பளவு ஆழத்தில் கிடக்கும். அஞ்சடி எனப்படும், கடைகளுக்கு முன்னாலுள்ள கூரை நடைபாதையும் நம்பத்தக்கதன்று. 1822-இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில் கடைகளுக்கு முன்னால் தொடர்ச்சியான கூரை நடைபாதை வேண்டும் என்று விதித்தார். அந்த வழக்கம்தான் பின்னர் மலாயா நகரங்களுக்கும் பரவியது. கூரை தொடர்ச்சியாக இருந்தாலும் தரை அப்படியில்லை. ஒவ்வொரு கடைக்காரரும் தத்தம் விருப்பப்படி தரையை உயர்த்தியிருப்பதால், பத்தடிக்கொரு படி ஏறும் அல்லது இறங்கும். பகலிலேயே ஒருமுறை நடந்து பார்த்து, எங்கே மூடி உடைந்திருக்கிறது, எங்கே படி இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சாலையோரம் நடக்க நேர்ந்தால், நம் நாட்டில் வாகனங்கள் இடப்புறம் ஓடுவதால், எதிரே வரும் வாகனத்தைப் பார்க்கும்படி வலப்புற ஓரமாக நடந்து, பையைச் சுவர்ப் பக்கத்துத் தோளில் மாட்டுங்கள். பின்னாலிருந்து மோட்டாரில் வந்து பறிப்பவனுக்கு இரண்டுமே வசதிக் குறைவு. தனியே போகாதீர்கள், ஒருவர் படம் எடுக்கும்போது மற்றவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இது பெண்களுக்கு மட்டும் சொல்லும் அறிவுரை என்று ஆண்கள் நினைத்துக்கொள்வது எனக்கு எப்போதும் வியப்புதான்.

கேமராவின் திரையும் ஓர் ஆபத்து. மனிதக் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். வெளிச்சமான திரையைச் சில நொடிகள் பார்த்தாலே அப்பழக்கம் பெருமளவு கலைந்துவிடும். தலை நிமிர்ந்ததும் எதிரே நிற்கும் ஆளோ நாயோ புலப்படாமல் போவது இதனால்தான். திரையின் ஒளியை ஆகக் குறைந்த அளவில் வையுங்கள். இதில் படத்துக்கும் நன்மை உண்டு: இருட்டில் திரை பளிச்சென்று தெரிவதால் போதிய ஒளி பதிந்துவிட்டது என்று நம்பி, வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால் படம் கருகிக் கிடக்கும். திரையின் தோற்றத்தை விட்டு, ஒளிப்பரவல் வரைபடத்தை (ஹிஸ்டோகிராம்) பார்த்து முடிவு செய்வதே சரி. பழைய சோடியம் விளக்கின் மஞ்சளும் புதிய எல்இடி விளக்கின் வெள்ளையும் ஒரே தெருவில் கலந்திருந்தால், எந்தத் தானியங்கி நிறச் சமநிலையும் இரண்டையும் ஒருசேரத் திருத்தாது. கேமரா திருத்தாத மூலப் பதிவான ரா (RAW) கோப்பாகப் பதிந்து, நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியவுடன் கேமராவை வெளியே எடுத்தால் கண்ணாடியில் நீர் படியும். பையை மூடியபடியே அரைமணி நேரம் விட்டு வையுங்கள்.

அந்த அரைமணி நேரத்தை மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் உணவுக்கடையில், செலவிடுங்கள் என்பதே நான் மாணவர்களுக்கு முதலில் சொல்வது. ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடித்துக்கொண்டே, கடைக்காரரிடமும் அங்கே உட்கார்ந்திருக்கும் ஜாகா எனப்படும் காவலாளியிடமும் நாம் யார், எந்தத் தெருவில் என்ன எடுக்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டால், அன்றிரவு ஊரில் பாதிப் பேருக்கு அது தெரிந்துவிடும். சொல்லாமல் போன ஒரு மாணவரை ஜாகா ஒருவர் நிறுத்தி, "என்ன தம்பி, இந்நேரத்துல யாரு வீட்டப் படம் புடிக்கிறீங்க?" என்று கேட்டார். "சும்மாதாண்ணே" என்றார் இவர். கைவிளக்கு உடனே முகத்தை நோக்கித் திரும்பியது. நான் அருகில் போய், "அண்ணே, அந்தப் பழைய மரக்கதவைத்தான் எடுக்கிறோம், பாருங்க" என்று திரையைக் காட்டியதும் விளக்கு தாழ்ந்தது. அந்தக் கதவு முன்பு யாருடைய துணிக்கடை என்று அவரே விவரிக்கத் தொடங்கிவிட்டார். எடுத்ததைக் காட்டுவதைப் போலச் சந்தேகத்தைத் தீர்க்கும் வழி வேறில்லை.

அந்தச் சந்தேகத்தைக் குறைகூறவும் முடியாது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்தே மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை நீடித்த அந்த ஆண்டுகளில் முள்வேலியும் ஊரடங்கும் தோட்ட மக்கள் பலரின் அன்றாடமாயின. இரவில் நடமாடுவது யார் என்ற கேள்வி அப்போது உயிரோடு விளையாடும் கேள்வி. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டில், அப்படி வளர்ந்த ஒரு பாட்டி இன்றும் ஜன்னலைச் சாத்திக்கொண்டால் அதில் நியாயம் உண்டு. 1975-இல் தொடங்கப்பட்ட ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் காவல் அமைப்பின் ரோந்து உங்கள் பகுதியில் நடந்தால், அதன் பொறுப்பாளருக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்; காவல் துறையினர் கேட்டால் காட்டியாக வேண்டும்.

இன்னொரு வகை அச்சத்தைப் பற்றி நம்மவர்கள் பேசுவதே இல்லை. கடைவீட்டு மாடிகளில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து செம்பனைத் தோட்டங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வந்த தொழிலாளர்கள் நெருக்கமாகத் தங்கியிருக்கிறார்கள். கொடியில் காயும் துணிகளும் மங்கலான குழல் விளக்கும் நல்ல படமாக அமையும் என்பது உண்மைதான். ஆனால் கீழே இருந்து ஒருவர் நீண்ட வில்லையைத் தங்கள் அறையை நோக்கித் திருப்பினால், குடிநுழைவுத் துறையின் சோதனை என்றே அவர்கள் எண்ணுவார்கள். முறையான ஆவணம் உள்ளவருக்கும் அந்தப் பதற்றம் உண்டு. குடியிருப்போரின் ஜன்னலுக்குள் கேமராவைத் திருப்பக் கூடாது என்பதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன். பெண்களின் அந்தரங்கத்தில் தலையிடும் வகையில் படம் எடுத்தால், குற்றவியல் சட்டத்தின் 509-ஆவது பிரிவின் கீழ் வழக்கே வரலாம்.

சில இடங்களில் பேச்சுக்கே இடமில்லை. துப்பாக்கி ஏந்திய காவலரின் உருவம் வரைந்த சிவப்பு அறிவிப்புப் பலகை தொங்கும் வேலிகள் 1959-ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட இடங்கள் சட்டத்துக்கு உட்பட்டவை. எச்சரிக்கை பெரும்பாலும் தமிழிலும் எழுதியிருக்கும். இருப்புப் பாதையிலும் பேச்சுக்கே இடமில்லை. முன்பெல்லாம் தண்டவாளத்தின் மேல் நடந்து ஊருக்குள் வருவது இங்கே சாதாரணம். ஈப்போவுக்கும் பாடாங் பெசாருக்கும் இடையே மின்மய இரட்டைப் பாதை வந்தபின், தலைக்கு மேலுள்ள கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. அதைத் தொட வேண்டும் என்பதில்லை, மிக அருகில் போனாலே மின்சாரம் பாயக்கூடும். மேம்பாலத்தில் நின்று உலோக முக்காலியை விரித்துத் தூக்குவதும் செல்ஃபி கம்பியை நீட்டுவதும் கூடவே கூடாது.

தெருநாய் குரைத்தால் ஓடாமல், முக்காலியை இடையில் ஊன்றிக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் கண்டறியப்பட்டது. ஆகவே சிறு கீறல் என்றாலும் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எப்போது நிறுத்துவது என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரம் அரைமணி நேரம் முன்னுக்குத் தள்ளப்பட்டதால், இங்கே காலை 6.30 மணிக்கும் இருட்டாகவே இருக்கும். ஆனால் ரப்பர் பால்வெட்டுக்கும் தொழிற்சாலைக்கும் போகிறவர்களின் மோட்டார்கள் 5 மணியிலிருந்தே சாலையில் வரத் தொடங்கிவிடும். விளக்குக் கோடுகளாக அவற்றைப் படம்பிடிக்கும் ஆசையில் சாலை நடுவே முக்காலியை வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அரைத்தூக்கத்தில் வரும் ஓட்டுநருக்கு அதன் கால்கள் கண்ணில் படா. ஃபிளாஷ் அடித்தாலோ சில நொடிகள் கண்ணே தெரியாது. அந்தப் படம் வேண்டுமென்றால், ஃபிளாஷை அணைத்துவிட்டு, அஞ்சடித் தூணுக்கு உட்புறம் முக்காலியை வைத்து எடுங்கள்.