சிமோனி: தமிழில் எப்படிச் சொல்வது?

கிறிஸ்தவத் திருச்சபையில் பதவி, குருப்பட்டம், திருவருட்சாதனம் (ஞானஸ்நானம் போன்ற புனிதச் சடங்கு) போன்றவற்றைக் காசுக்கு விற்பதும் வாங்குவதும் சிமோனி. லத்தீனில் சிமோனியா. ஓர் ஆளின் பெயரிலிருந்து பிறந்த சொல் இது.

பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில் வரும் சீமோன், சமாரியாவில் பேர்போன மாயவித்தைக்காரன். பேதுருவும் யோவானும் கைகளை வைத்ததும் மக்கள் பரிசுத்த ஆவியைப் பெறுவதைப் பார்த்தவன், எனக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுங்கள் என்று பணத்தை நீட்டினான். "உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது" என்றார் பேதுரு. (திட்டியவரின் இயற்பெயரும் சீமோன்தான். கெட்ட பெயர் மட்டும் சமாரியாக்காரனுக்கு.)

இந்தச் சீமோன் வாங்க வந்தவன். விற்றவர் யாரும் அந்தக் கதையில் இல்லை. அதனால் விற்கிறவர்களுக்கென்று இடைக்கால எழுத்தாளர்கள் பழைய ஏற்பாட்டில் வரும் கேயாசியின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். சிரியப் படைத்தலைவன் நாகமானின் குஷ்டம் நீங்கியதற்குத் தீர்க்கதரிசி எலிசா ஒன்றும் வாங்க மாட்டேன் என்று அனுப்பிவிட, வேலைக்காரன் கேயாசி பின்னாலேயே ஓடி, எஜமான் கேட்டதாகப் பொய் சொல்லி இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரங்களும் வாங்கிவந்தான். அந்தக் குஷ்டம் அவனைப் பிடித்தது. ஆனால் அவன் பெயர் வழக்கில் நிற்கவில்லை.

451இல் கால்சிடோனில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கமே காசு வாங்கிக்கொண்டு குருப்பட்டம் கொடுப்பதைத் தடைசெய்தது. நோய் அதற்கெல்லாம் அடங்கவில்லை. 1045இல் ஒன்பதாம் பெனடிக்ட் பணம் பெற்றுக்கொண்டு போப் பதவியையே விட்டுக்கொடுத்தார். அந்தப் பணத்தைக் கொடுத்துப் போப்பான ஆறாம் கிரகோரி நல்ல பெயர் உள்ளவர். மோசமான போப்பை வெளியேற்றவே அப்படிச் செய்தார் என்றும் சொல்வார்கள். ஆனாலும் மறு ஆண்டே இத்தாலியின் சூத்ரி நகரில் கூடிய சங்கத்தில், இந்தக் குற்றத்துக்காகவே அவர் பதவி போயிற்று.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'லஞ்சம்' போதாது. கொடுப்பது பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கை, நாக்கு, ஊழியம் என்று மூன்று வழி சொன்னார் போப் முதலாம் கிரகோரி: கையால் பணம், நாவால் முகஸ்துதி, ஊழியத்தால் எடுபிடி வேலை. 'ஊழல்' இன்னும் அகலம்; சபைக் கணக்கில் கைவைப்பதும் அதில் வந்துவிடும், ஆனால் அது திருட்டு, சிமோனி அல்ல. விற்கக்கூடாததை விற்பது என்ற பொருள் சொல்லிலேயே தெரிய வேண்டும்.

அதற்கு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. சங்ககால வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியார், இம்மையில் செய்தது மறுமைக்கு ஆகும் என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கும் 'அறவிலை வணிகன்' இவன் அல்லன் என்கிறார் (புறநானூறு 134). அறத்தை விலைபேசுவது அறவிலை என்றால், அருளை விலைபேசுவது அருள்விலை. சிமோனிக்கு 'அருள்விலை வணிகம்' என்பது என் பரிந்துரை. பேச்சில் 'அருளை விற்பது' போதும்.

பூசைக் கருத்துக்குக் (ஒருவர் கேட்டுக்கொள்ளும் வேண்டுதலுக்காகப் பூசை வைப்பதற்குக்) கொடுக்கும் காணிக்கை இதில் சேராது. அது விலை இல்லை. ஆனால் வியாபாரம் போன்ற தோற்றம்கூட இருக்கக்கூடாது என்கிறது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் (விதி 947). ஒரே நாளில் ஒரு குரு பல பூசை வைத்தாலும் ஒரு காணிக்கையைத்தான் தமக்கென்று வைத்துக்கொள்ளலாம். கிறிஸ்துமஸ் மட்டும் விலக்கு. ஏழைகள் காணிக்கை கொடுக்க முடியாத காரணத்தால் திருவருட்சாதனம் இல்லாமல் போகக்கூடாது என்றும் இருக்கிறது (848).

சிமோனியால் கிடைத்த திருச்சபைப் பதவி சட்டப்படி செல்லாது (149). இதில் ஒரு விசித்திரம், போப் தேர்தலுக்கு மட்டும் இந்த விதி இல்லை. இரண்டாம் ஜான் பால் 1996இல் வகுத்த விதிப்படி, அங்கே பணம் விளையாடினால் குற்றவாளிகள் தாமாகவே சபை விலக்குக்கு உள்ளாவார்கள். தேர்தல் மட்டும் செல்லும். இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் இதையே சாக்காக வைத்து, இவர் போப்பே இல்லை என்று கிளம்பிவிடலாமே.