ஏழாம் எக்ஸானைக் கைவிடும் மரபணு

"எஸ்எம்ஏ நோய்க்கான மருந்து ஆய்வில் பாதிக் குழந்தைகளுக்கு மருந்தே போடாமல், போட்டதுபோல் நடித்தார்களாமே? பெற்றவர்கள் இதற்கு எப்படிச் சம்மதித்தார்கள்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பாதி இல்லை, மூன்றில் ஒரு பங்கு. மற்றபடி அவர் கேள்விப்பட்டது சரிதான். 2021-இல் '16 கோடி ரூபாய் ஊசி' என்று நம் செய்திகளில் அடிபட்டதே, அதே நோய். அந்த ஊசி ஜோல்கென்ஸ்மா. வாசகர் கேட்பது அதற்கு முன்பே வந்துவிட்ட நுசினர்சென் என்ற மருந்தைப் பற்றி.

தண்டுவடத்திலிருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள், எஸ்எம்என் என்ற புரதம் போதாமல் செத்துப்போவதுதான் நோய். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான எஸ்எம்என்1 மரபணு வந்து சேர வேண்டும். இருவருக்குமே ஒரு தொந்தரவும் இருக்காது. ஆனால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. கடுமையான முதல் வகையில் ஆறு மாதத்துக்குள் தெரிந்துவிடும். தலை நிற்காது, கால் உதைப்பது குறையும், அழுகை சன்னமாகும், மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்வாங்கி வயிறு மட்டும் எழும். முகம் மட்டும் பளிச்சென்று சிரிக்கும். புரிந்துகொள்வதில் குறையே இல்லை.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். மனிதர்களிடம் எஸ்எம்என்2 என்று இன்னொரு பிரதி இருக்கிறது. அதே புரதத்துக்கான செய்முறைதான். அந்தச் செய்முறை மரபணுவில் துண்டு துண்டாக எழுதப்பட்டிருக்கிறது, ஒவ்வொரு துண்டும் ஓர் எக்ஸான். ஏழாம் எக்ஸானில் ஆறாவது எழுத்து மட்டும் முக்கியமாக வேறு: சி இருக்க வேண்டிய இடத்தில் டி. பள்ளிப் பாடப்படி இதனால் ஒன்றும் ஆகக்கூடாது. மூன்று எழுத்துச் சொல் ஒவ்வொன்றும் புரதத்தில் கோக்க வேண்டிய ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். டிடிசி என்றாலும் டிடிடி என்றாலும் வருவது ஃபினைல்அலனின்தான். அமினோ அமிலம் மாறவே இல்லை, பிறகு ஏன் புரதம் கெடுகிறது?

மரபணுவிலிருந்து படியெடுத்த ஆர்என்ஏவில், எக்ஸான்களுக்கு நடுவே வரும் இன்ட்ரான் என்ற துண்டுகளை வெட்டியெறிந்து எக்ஸான்களை ஒட்ட வேண்டும். எது எக்ஸான் என்று வெட்டும் எந்திரத்துக்குச் சொல்லும் குறிப்புகளும் அந்த எழுத்துகளுக்குள்ளேயே இருக்கின்றன. டி வந்ததும் அந்தக் குறிப்பு கெட்டு, ஏழாம் எக்ஸானும் குப்பைக்குப் போகிறது. எஸ்எம்என்2 தரும் படிகளில் பத்தில் ஒன்றுதான் முழுசாகத் தேறுகிறது. குழந்தையை உயிரோடு வைத்திருப்பது அந்த ஒன்றுதான்.

ஏழாம் எக்ஸானை ஒட்டிய இன்ட்ரானில் 15 எழுத்து நீளத்தில் ஒரு பகுதி உண்டு. அதில் சில புரதங்கள் வந்து உட்கார்ந்துகொண்டு 'இந்த எக்ஸானைச் சேர்க்காதே' என்று தடுக்கின்றன. 2006-இல் ரவீந்திர சிங், நடாலியா சிங், எலியட் ஆண்ட்ரோபி குழுவினர் மாசசூசெட்ஸில் இதைக் கண்டுபிடித்தார்கள். நுசினர்சென் 18 எழுத்துள்ள செயற்கைத் துணுக்கு. எழுத்துக்கு எதிரெழுத்தாகப் பொருந்தி, சுவரொட்டிமேல் சுவரொட்டி ஒட்டுவதுபோல அந்தப் பகுதியை மூடிவிடுகிறது. தடுப்புப் புரதங்களுக்கு உட்கார இடமில்லை. ஏழாம் எக்ஸான் உள்ளே வந்துவிடுகிறது. மரபணுவில் யாரும் கைவைக்கவில்லை! ரத்தத்தில் செலுத்தினால் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போய்ச் சேராது என்பதால் இடுப்புக்கு மேலே முதுகில் ஊசி. முதல் இரண்டு மாதத்தில் நாலு முறை, பிறகு நாலு மாதத்துக்கு ஒரு முறை.

நுசினர்செனை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஏட்ரியன் கிரைனர் வேலை செய்வது அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில். எக்ஸான், இன்ட்ரான் என்ற விஷயமே 1977-இல் அங்கேயும் எம்ஐடியிலும் ஒரு வைரஸை ஆராய்ந்தபோது தெரியவந்ததுதான். 'இந்த ஆராய்ச்சியால் மக்களுக்கு என்ன பயன்?' என்று முதல் வருடமே கேட்டு நிதியை வெட்டுகிறவர்கள் 1977-க்கும் நுசினர்சென் வந்த 2016-க்கும் நடுவில் எத்தனை வருடம் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

ஆய்வுக்கு வருவோம். ஏழு மாதத்துக்கு உட்பட்ட 122 கைக்குழந்தைகள், பல நாடுகளிலிருந்து. குழந்தையை உள்ளே கொண்டுபோவார்கள், பெற்றோர் வெளியே. திரும்பி வரும்போது எல்லாக் குழந்தைக்கும் முதுகில் ஒரே மாதிரி பிளாஸ்டர். மருந்து இல்லாத குழந்தைக்குத் தோலில் சின்னக் குத்து மட்டும். பரிசோதித்து மதிப்பெண் போடுகிறவருக்கும் எந்தக் குழந்தை எதில் என்று தெரியாது. தெரிந்தால் பார்க்கிற கண்ணே மாறிவிடும். 'நேற்றைவிட இன்று காலை நன்றாக உதைக்கிறானே' என்று தோன்றுவது மருந்தாலா, ஆசையாலா என்று பெற்றவர்களாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

2016 ஆகஸ்டில் இடைக்கணக்கைப் பார்த்ததும் ஆய்வை முன்கூட்டியே முடித்து, மருந்து கிடைக்காத குழந்தைகளுக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள். இறுதிக் கணக்கில், மருந்து பெற்றவர்களில் 51 சதவீதம் பேரிடம் வளர்ச்சிப்படிகளில் முன்னேற்றம். 22 சதவீதத்துக்குத் தலை நன்றாக நின்றது. 8 சதவீதம் பேர் தானாக உட்கார்ந்தார்கள். மருந்து பெறாதவர்களில் முன்னேற்றம் பூஜ்யம். இறப்பு, மருந்து பெற்றவர்களில் 16 சதவீதம், பெறாதவர்களில் 39 சதவீதம்.

நியாயமா என்றால், எனக்கு முழுச் சம்மதமில்லை. செத்த நரம்பணு திரும்பாது. காத்திருந்த மாதங்களுக்கு அந்தக் குழந்தைகள் கொடுத்த விலை அதுதான். ஜோல்கென்ஸ்மாவின் முதல் ஆய்வில் 15 குழந்தைகளுக்கும் மருந்து கொடுத்து, பழைய நோயாளிகளின் பதிவுகளோடுதான் ஒப்பிட்டார்கள். ஆனால் நுசினர்சென் வந்தபோது இந்த நோய்க்கு மருந்தே கிடையாது, முதுகில் ஊசி போடுவதிலும் ஆபத்து உண்டு. அந்த நேரத்தில் சந்தேகமில்லாத விடை வேண்டும் என்று அவர்கள் நினைத்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது.

அறிகுறி வருமுன்பே மருந்து தொடங்கிய 25 குழந்தைகளின் ஆய்வும் நடந்தது. போலிக் குத்து இல்லை. பெரும்பாலானவர்கள் நடந்தார்கள். ஆக, எல்லாம் நாள் கணக்கு. நம் ஊரிலோ தலை நிற்காத குழந்தைக்குத் தோஷம் பார்த்து, பரிகாரம் செய்து, 'தாயின் ராசி' என்று சொல்லி வாரங்களை ஓட்டிவிடுகிறோம். பழுதில் பாதி அப்பா கொடுத்தது என்று யாரும் அவர் ஜாதகத்தைக் கேட்பதில்லை. தலை நிற்கவில்லை, கை கால் துவள்கிறது என்றால் நேராகக் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். அதே ஏழாம் எக்ஸானைக் காப்பாற்றும் ரிஸ்டிப்ளாம் என்ற வாய்வழி மருந்து இப்போது இருக்கிறது. ஒரு பாட்டில் சுமார் 6 லட்சம் ரூபாயாக இருந்தது. காப்புரிமை வழக்குக்குப் பிறகு 2025-இல் நாட்கோ நிறுவனம் அதே மருந்தை 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது.