குடியரசு வேற, மக்களாட்சி வேற

ஜனவரி 26 வந்தாப் போதும், நாகர்கோவில்ல இருந்து மார்த்தாண்டம் வரைக்கும் ஃபிளெக்ஸ்லயும் வாட்ஸ்அப்லயும் 'மக்களாட்சி தின வாழ்த்துகள்'. இப்போ ஆசிய நாடுகளோட விடுதலை பத்தி வீடியோ போடுதவங்களும் ரிபப்ளிக்னு வர்ற இடத்துல எல்லாம் மக்களாட்சின்னே மொழிபெயர்க்காவ. இது தப்பு, அதுவும் வரலாறையே புரிய விடாத தப்பு.

ரிபப்ளிக் லத்தீன் சொல்லு, 'ரெஸ் பப்ளிகா', பொதுக் காரியம். நாடு ஒரு ராஜ குடும்பத்துக்குச் சொந்தம் இல்லங்கதுதான் கருத்து. டெமாக்ரசி கிரேக்கம், மக்கள் கையில அதிகாரம். முன்னதுக்குத் தமிழ்ல குடியரசு, பின்னதுக்கு மக்களாட்சி, ஜனநாயகம். பெரியார் 1925ல பத்திரிகைக்கு வச்ச பேரே 'குடி அரசு', அப்பவே புழங்கின சொல்லு.

மக்களாட்சிதான் வேணுங்கவங்க என்ன சொல்லுதாவன்னா, குடின்னா ராஜாவுக்குக் கீழ இருக்கிற பிரஜை, குறள்லயே 'குடிதழீஇக் கோலோச்சும்'னு, அதாவது குடிகளை அணைச்சு ஆளுற மன்னன்னு, அப்படித்தான் வருது, அதனால குடியரசுல ராஜா வாடை அடிக்காம். நான் சொல்லுதேன், அதனாலதான் இந்தச் சொல்லு இவ்வளவு பொருத்தம், கீழ கெடந்த குடியே அரசாகுது, இதைவிட என்ன வேணும்? சுத்தத் தமிழ்தான் பிரச்சினைன்னா குடியும் அரசும் சங்க காலத்துல இருந்தே நம்ம கையில உள்ள சொல்லுங்கதான். நம்ம அரசமைப்போட முகப்புரையில டெமாக்ரடிக், ரிபப்ளிக் ரெண்டுமே அடுத்தடுத்து வருது, இலங்கைக்கு அதிகாரப் பேரே 'ஜனநாயக சோசலிசக் குடியரசு', ரெண்டும் ஒண்ணுன்னா இதை எல்லாம் மக்களாட்சி மக்களாட்சின்னு ரெண்டு தடவை எழுதுவீங்களா?

ஆசியாவைப் பாத்தாலே வித்தியாசம் வெளிச்சமாத் தெரியும். இந்தியாவுக்கு 1947ல கிடைச்சது டொமினியன், அதாவது தன்னைத் தானே ஆண்டுக்கிடலாம், ஆனா தலைவர் பிரிட்டிஷ் மன்னர்தான். 1950 வரைக்கும் ஆறாம் ஜார்ஜ்தான் மன்னர், அவர் சார்புல கவர்னர் ஜெனரலா மவுண்ட்பேட்டன், அப்புறம் ராஜாஜி. இலங்கையில 1931லயே எல்லாருக்கும் ஓட்டு, ஆனா குடியரசானது 1972ல, அது வரைக்கும் தேர்தல் நடந்து அரசாங்கம் மாறிட்டே இருந்துச்சு, தலைக்கு மேல பிரிட்டிஷ் முடியும் இருந்துச்சு. மலாயாவுல வெள்ளக்காரன் சுல்தான்களை வச்சே ஆண்டதால 1957க்கு அப்புறமும் அவங்க போகல, ஒம்பது பேரும் தங்களுக்குள்ள ஒருத்தரை அஞ்சு வருஷத்துக்கு மன்னரா தேர்ந்தெடுக்காவ, கூடவே பாராளுமன்றமும் உண்டு. மறுபக்கம் பாகிஸ்தான், 1956ல குடியரசு, 1958ல ராணுவச் சட்டம். பர்மா 1948ல டொமினியனே வேண்டாம்னு நேரா குடியரசாச்சு, 1962ல ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடிச்சாரு. குடியரசு அங்க இருந்துச்சு, மக்களாட்சி போயிடுச்சு. இதை எல்லாம் ஒரே சொல்லால எழுதிப் பாருங்க, ஒண்ணும் விளங்காது.

அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம கன்னியாகுமரி ஜில்லாவையே எடுத்துக்கிடுங்க. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு எல்லாம் அப்போ மகாராஜா ஆண்ட திருவிதாங்கூர் சமஸ்தானம். 1946ல திவான், அதாவது மகாராஜாவோட தலைமை மந்திரி, சி.பி. ராமசாமி ஐயர் கொண்டுவந்த திட்டத்துல ஓட்டு எல்லாருக்கும் உண்டு, ஆனா திவானைச் சட்டசபை நீக்க முடியாது, அதைத்தான் அமெரிக்கன் மாடல்னாவ. 1947ல தனிநாடுன்னும் அறிவிச்சாரு, ஜூலையில வெட்டுப்பட்டாரு, அதுக்கு அப்புறம்தான் மகாராஜா இந்தியாவோட சேர ஒத்துக்கிட்டாரு. 1948ல எல்லாருக்கும் ஓட்டு வச்சு தேர்தல், இங்க உள்ள தமிழர்களோட கட்சியான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நம்ம பக்கம் ஜெயிச்சுது, பட்டம் தாணுபிள்ளை மந்திரிசபை வந்துச்சு, மகாராஜாவும் அரண்மனையில மகாராஜாவாத்தான் இருந்தாரு. மக்களாட்சி வந்தாச்சு, குடியரசு வரல. அந்த வருஷம் ஓட்டுப் போட்டவங்க பேரப்பிள்ளைங்கதான் இன்னைக்கு ஜனவரி 26ஐ மக்களாட்சி தினங்காவ, அதுதான் எனக்குத் தாங்க முடியல.

இந்த மொழிபெயர்ப்பாளர்கள் டொமினியனையும் விடல, 'ஆதிக்கம்'னு போடுதாவ, '1947ல இந்தியா ஆதிக்கம் ஆனது'ன்னா படிக்கவன் என்ன நினைப்பான்? டிக்‌ஷனரியில முதல்ல கண்ட அர்த்தத்தை எடுத்து ஒட்டுறது மொழிபெயர்ப்பு இல்ல. பிரிட்டிஷ் மன்னரைத் தலைவரா வச்சுக்கிட்டுத் தன்னைத் தானே ஆளுற நாடுன்னு ஒரு வரி விளக்கம் போட்டுட்டு டொமினியன்னே எழுதுங்க, நல்ல தமிழ்ச் சொல்லு கிடைக்கிற வரைக்கும் அதுவே போதும். குடியரசுக்கு அந்தத் தேடலே தேவையில்ல, சொல்லு ஏற்கெனவே இருக்கு.