வேலையை அறிந்தவரே ஆளை அறிவார்: எரிசக்தித் துறையில் ஆள்தேர்வுப் பணி

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, காரைக்கால் பகுதிகளில் டிப்ளமோவோ பொறியியலோ முடித்த இளைஞர்கள் சிலர், எண்ணெய், எரிவாயு, மின் உற்பத்தி நிறுவனங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் பணியில் சேர விரும்பி என்னிடம் ஆலோசனை கேட்கிறார்கள். சரளமான ஆங்கிலமும் நல்ல தொலைபேசிப் பேச்சும் இருந்தால் போதும் என்ற எண்ணம் அவர்களில் பலருக்கு இருக்கிறது. அவை தேவைதான். ஆனால், எந்த வேலைக்கு ஆள் தேடுகிறோமோ அந்த வேலை களத்தில் எப்படி நடக்கிறது என்று தெரியாதவர் இத்துறையில் நெடுநாள் நிலைக்க முடியாது.

வெல்டர் பணியையே எடுத்துக்கொள்வோம். நிறுவனம் 6ஜி டிக் வெல்டர் (டங்ஸ்டன் முனையும் காப்பு வாயுவும் கொண்டு பற்றவைப்பவர்) வேண்டும் என்று கேட்கும். விண்ணப்பதாரரின் பயோடேட்டாவிலும் 6ஜி என்றே எழுதியிருக்கும். 6ஜி என்பது 45 பாகை சாய்வில் அசையாமல் பொருத்தப்பட்ட குழாயைச் சுற்றிலும் பற்றவைத்துக் காட்டும் தேர்வு நிலை என்பதும், அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஆஸ்மியின் விதித்தொகுப்பின் ஒன்பதாம் பிரிவுப்படி ஒரு வெல்டர் தான் தேறிய பற்றவைப்பு முறையில் (இங்கே டிக்) ஆறு மாதங்களுக்கு மேல் பற்றவைக்காமல் இருந்தால் அவருடைய தகுதி காலாவதியாகிவிடும் என்பதும் தெரிந்தவருக்கு, அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும். கடைசியாக எப்போது பற்றவைத்தீர்கள், குழாயின் விட்டமும் சுவர்க் கனமும் எவ்வளவு, கார்பன் ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, பாய்லர்களில் வரும் குரோமியம் கலந்த உலோகமா, எடுத்த ஜாயின்ட்டுகளில் எக்ஸ்ரேயில் எத்தனை தேறின? பத்து நிமிடம் இப்படிப் பேசினால், சான்றிதழ் சொல்லாத பலவும் தெரிந்துவிடும். திருச்சி பாய்லர் ஆலையைச் சுற்றியுள்ள தொழிற்கூடங்களில் கை பழகியவர்கள் இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்களில் சிலருடைய பயோடேட்டா ஒரு பக்கம்கூட நிரம்பியிருக்காது.

ஆய்வுப் பணிகளில் நுணுக்கம் இன்னும் அதிகம். என்.டி.டி. (பொருளைச் சிதைக்காமல் குறை காணும் சோதனை) லெவல் 2 என்ற சான்று பெரும்பாலும் பணியளிக்கும் நிறுவனமே தான் எழுதி வைத்துள்ள நடைமுறைப்படி வழங்குவது. அந்த நிறுவனத்தை விட்டு விலகியவரை அடுத்த நிறுவனம் மறுபடியும் தேர்வு செய்து சான்றளிக்க வேண்டும். வெல்டிங் ஆய்வாளர்களுக்கான சி.எஸ்.விப் போன்ற மூன்றாம் தரப்புச் சான்றுகள் அப்படியல்ல, அவை ஆளோடு செல்பவை. இந்த வேறுபாட்டை அறியாமல் இரண்டையும் ஒரே வரிசையில் வைத்து அனுப்புபவரின் பட்டியலை, நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர் அடுத்த முறை திறந்துகூடப் பார்க்க மாட்டார்.

காரைக்காலை மையமாகக் கொண்டு ஓ.என்.ஜி.சி. காவிரிப் படுகையில் நெடுங்காலமாக இயங்கி வருவதால், எண்ணெய்க் கிணற்றுப் பணிக்கான ரிக் எந்திரங்களில் அனுபவம் உள்ளவர்கள் நம் ஊர்களில் கணிசமாக இருக்கிறார்கள். புதுக் கிணறு தோண்டும் டிரில்லிங் ரிக் வேறு, ஏற்கெனவே உள்ள கிணற்றைப் பழுதுபார்க்கும் ஒர்க்ஓவர் ரிக் வேறு. தரையில் பணியாற்றியவர் கடலுக்குச் செல்ல வேண்டுமானால், நீரில் விழுந்த ஹெலிகாப்டரிலிருந்து தப்பும் பயிற்சி அடங்கிய போசியட் சான்று வேண்டும், அது நான்கு ஆண்டுகளுக்கே செல்லும். ரிக்கில் தோண்டும் எந்திரத்தை இயக்கும் டிரில்லர் நிலைக்கு உரிய கிணற்றுக் கட்டுப்பாட்டுச் சான்று இரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடும். ஆகவே நல்ல ஆள்தேர்வாளரின் பதிவேட்டில் பெயர்களோடு சான்றுகள் முடியும் தேதிகளும் இருக்கும். தேதி நெருங்கும்போது அவரே அழைத்து நினைவூட்டுவார், காலியிடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இங்கே இருந்துகொண்டு இத்தொழிலைச் செய்பவர் நம் மண்ணின் நிலைமையையும் மனத்தில் கொள்ள வேண்டும். நாகப்பட்டினம் அருகே 1993இல் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை ஒரு தலைமுறைக்கு வேலை தந்தது. 2020இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளுக்குத் தடை விதித்தது. நெல் விளையும் நிலத்தைக் காக்க எழுந்த அந்தச் சட்டம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். அதன் பொருள், உள்ளூரில் புதிய கிணறுகளை நம்பி யாருக்கும் வாக்குறுதி தரக்கூடாது என்பதே. நம் ஆட்களுக்கான வாய்ப்புகள் ராஜஸ்தானின் பார்மர், மும்பைக் கடற்பகுதி, வளைகுடா நாடுகள், தென்மாவட்டங்களின் காற்றாலைகள் எனப் பரந்து கிடக்கின்றன. சுத்திகரிப்பு ஆலைகளை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் பணிகள் சில வாரங்களே நீடிப்பவை. தொடங்கும் நாள் அனேகமாக மாறாது என்பதால், மருத்துவப் பரிசோதனையும் விசாவும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பணம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நம் பகுதியில் குடும்பங்கள் சரிவது இந்த இடத்தில்தான். வெளிநாட்டு வேலைக்காக நகையை அடகு வைத்தும் நிலத்தை ஒத்திக்கு விட்டும் லட்சக்கணக்கில் கொடுக்கும் வழக்கம் இன்றும் நின்றபாடில்லை. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசின் பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும். அவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே, அதற்கும் ரசீது தர வேண்டும். தேர்ந்த தொழில்நுட்பப் பணிகளில் பெரும்பாலான நிறுவனங்கள் ஆள்தேர்வுக் கட்டணத்தைத் தாமே செலுத்துகின்றன. மத்திய அரசின் இமைகிரேட் இணையதளத்தில் ஏஜென்ட்டின் பதிவு நடப்பில் உள்ளதா என்று எவரும் சரிபார்க்கலாம். பத்தாம் வகுப்பு தேறாதவரின் கடவுச்சீட்டில் ஈ.சி.ஆர். நிலை இருக்கும், அவர் வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் முன் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அதைத் தவிர்க்க விசிட் விசாவில் அனுப்பப்படுபவருக்கு அங்கே சம்பளப் பாக்கி ஏற்பட்டால், முறையிடுவதற்கான ஆவணம்கூடக் கையில் இருக்காது. பொதுத்துறை எண்ணெய் நிறுவனத்தில் நிரந்தர வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரை நம்பவே கூடாது. அந்த வேலைகள் அறிவிக்கை, தேர்வு வழியாகவே நிரப்பப்படுகின்றன, எந்த ஆள்தேர்வாளருக்கும் அதில் பங்கில்லை.

இத்தொழிலுக்கு வர நினைப்பவர்கள், பதிவு பெற்ற ஒரு கன்சல்டன்சியில் ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்து, விண்ணப்பதாரரை வேலை செய்யவைத்துச் சோதிக்கும் டிரேடு டெஸ்ட் நடக்கும் கூடத்தில் முதல் ஓராண்டை முடிந்தவரை கழிக்க வேண்டும் என்பது என் ஆலோசனை. பைப் ஃபிட்டர் குழாய் அமைப்பை முப்பரிமாணத்தில் காட்டும் ஐசோமெட்ரிக் வரைபடத்தைப் பார்த்து அளவு எடுப்பதையும், சுமை தூக்கும் பணியைச் செய்யும் ரிக்கர் சுமையின் எடையைக் கணித்து அதைக் கட்டித் தூக்கும் ஸ்லிங்கைத் தேர்ந்தெடுப்பதையும் அருகில் நின்று பார்த்தவருக்கு, போலி அனுபவச் சான்றைக் கண்டுபிடிக்கத் தனிப் பயிற்சி தேவைப்படாது. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் படித்தவர்களுக்கு இது எளிதில் வசப்படும்; கலை, வணிகம் படித்தவர்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூச்சப்படாவிட்டால் அவர்களுக்குச் சமமாக வர முடியும்.

தேர்வாகாதவரிடம் காரணத்தைச் சொல்வதும் இப்பணியில் அடங்கும். பெரும்பாலான அலுவலகங்கள் இதைச் செய்வதில்லை, அது எனக்கு வருத்தம் தருகிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து விடியற்காலைப் பேருந்து பிடித்துத் திருச்சிக்கு வந்து டெஸ்ட் கொடுத்த ஒருவருக்கு, ரூட் பாஸில் (பற்றவைப்பின் அடிப்பகுதியிலுள்ள முதல் அடுக்கில்) ஊடுருவல் போதவில்லை என்றோ, இரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தால் அடுத்த மாதம் வரலாம் என்றோ அன்றைக்கே சொல்லிவிட்டால், அவர் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டு ஊர் திரும்புவார். வேறு யாரிடமோ பணம் கட்டி அதே வேலைக்கு மறுபடியும் முயலவும் மாட்டார்.