அஸருக்கு அப்புறம் கண் சொக்குவது ஏன்?

கூத்தாநல்லூரில் எங்கள் அத்தா (அப்பா) ஜவுளிக்கடை வைத்திருந்தார். ரமலான் மாதத்தில் காலை வேளையில் அவர் துணி அளக்கிற வேகம் வேறு, மாலைத் தொழுகையான அஸருக்குப் பிறகு அளக்கிற வேகம் வேறு. மாலை ஐந்து மணிக்கு இரண்டரை மீட்டர் அளந்தால், கத்தரிக்கோலை எடுக்கும் முன் மறுபடி ஒருமுறை அளந்து பார்ப்பார். "பசிக்குதா அத்தா?" என்று கேட்டால், "பசியெல்லாம் மதியம் லுஹர் தொழுகையோட போச்சு. கண்ணுதான் சொக்குது" என்பார்.

அவர் சொன்னது உடலியல்படி சரி என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் சாப்பாடு செரித்து, அதிலிருந்து சர்க்கரை ரத்தத்தில் சேர நாலைந்து மணி நேரம் ஆகும். ஆக, காலை பத்து மணி வரை உடம்புக்கு நோன்பு என்பதே தெரியாது. அதற்குப் பிறகு ஈரல் தன் பத்தாயத்தைத் திறக்கிறது. அங்கே கிளைகோஜன் என்ற வடிவில் சுமார் 100 கிராம் சர்க்கரை சேமிப்பில் இருக்கும். இன்சுலின் குறைந்து, அதற்கு எதிராக வேலை செய்யும் குளூக்ககான் ஹார்மோன் ஏறும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் இறங்கும். மூளை ஒரு நாளைக்குச் செலவழிப்பது ஏறக்குறைய 120 கிராம், அதாவது மணிக்கு 5 கிராம். பத்து மணியிலிருந்து, சூரியன் மறைந்து நோன்பு திறக்கும் மஃரிப் வரை கணக்குப் போட்டால் மூளைக்கு வேண்டியது 40 கிராம் சொச்சம்தான். ஈரல் புதிதாகவும் சர்க்கரை தயாரிக்கும். தசைகள் கொழுப்பை எரிக்கத் தொடங்கிவிடும். 10 கிலோ கொழுப்புள்ள ஒருவரிடம் 70 ஆயிரம் கலோரிக்கு மேல் கையிருப்பு உண்டு. காவிரிப் படுகையில் நோன்பு நேரம் எந்தப் பருவத்திலும் ஏறக்குறைய 13 முதல் 14 மணி நேரம்தான். ஆரோக்கியமான உடம்புக்கு அதற்குள் எரிபொருள் தீர்ந்துவிடாது.

பசி லுஹரோடு போவதற்கும் காரணம் இருக்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன், நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தில் ஏறும். சாப்பிடாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிடும்.

அப்படியானால் கண் ஏன் சொக்குகிறது? முதல் காரணம் தூக்கம். ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் முடிந்து, ஏதாவது சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்றரை ஆகிவிடும். நாலு மணிக்கெல்லாம் சஹருக்கு எழ வேண்டும். கனவு வரும் தூக்கம் இரவின் பின்பகுதியில்தான் அதிகம். சஹர் வெட்டுவது சரியாக அந்தப் பகுதியைத்தான். நோன்பு இல்லாத நாளிலும் மதியத்துக்கு மேல் எல்லோருக்கும் ஒரு மந்தம் வரும். தூக்கக் கடன் அதோடு சேரும்போது கண்ணிமை கனக்கிறது. எனக்கு அதிகம் கவலை தருவது மஃரிபுக்கு முந்தைய அரை மணி நேரம். நோன்பு திறக்க வீட்டுக்குப் போகும் அவசரத்தில், தூக்கம் அழுத்தும் கண்ணோடு பைக்கை முறுக்கிக்கொண்டு போகிறவர்களை நம் ஊர்ச் சாலைகளில் பார்க்கிறேன். அந்த நேரத்தில் மூளை எதையும் சற்றுத் தாமதமாகத்தான் உணரும். தயவுசெய்து பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்புங்கள்.

அடுத்தது டீ, காபி. முதல் நாலைந்து நோன்பில் வரும் தலைவலி பெரும்பாலும் பசித் தலைவலி இல்லை. சோர்வை உணர்த்தும் அடினோசின் மூளையில் வேலை செய்யாமல் காஃபீன் தடுத்து வைக்கிறது. தினமும் நாலு டம்ளர் குடித்துப் பழகியவர் சட்டென்று நிறுத்தினால், அடினோசின் மொத்தமாகப் பிடித்துக்கொள்ளும், மூளையின் ரத்தக் குழாய்கள் விரியும், நெற்றிப்பொட்டு தெறிக்கும். ரமலானுக்கு முந்தைய மாதமான ஷஃபானின் கடைசி வாரத்திலேயே ஒவ்வொரு டம்ளராகக் குறைத்துக்கொண்டு வந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

மூன்றாவது தண்ணீர். ரமலான் ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முன்னால் நகர்ந்து, சுமார் 33 வருடத்தில் ஒரு சுற்று வரும். 2019இல் அது அக்னி நட்சத்திர வெயிலில் வந்தது. 2030இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இரண்டு முறை வரும். மே மாத வெயிலில் வேலை செய்யும்போது போகிற வியர்வையை, மார்கழிக் குளிரில் போவதோடு ஒப்பிடவே முடியாது. உடல் எடையில் 2 சதவீத நீர் குறைந்தாலே கவனம் சிதறத் தொடங்கும். நடவு, களையெடுப்புக்குப் போகிறவர்கள் காலை ஆறு மணிக்கு வயலில் இறங்கி மதியத்துக்குள் கரையேறுகிறார்களே, அந்த முறை நோன்புக்கு அப்படியே பொருந்தும்.

இழந்த நீரை மீட்க நோன்புக் கஞ்சியை விடப் பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை. அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளியோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். பக்கத்துத் தெரு இந்துப் பிள்ளைகளும் அந்த வரிசையில் இருப்பார்கள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, புதினா, தேங்காய்ப்பால் எல்லாம் தேக்சாவில் குழையக் குழைய வெந்திருக்கும். குழைந்த மாவுச்சத்து சீக்கிரம் செரிக்கும். பருப்பும் தேங்காய்ப்பாலும் சர்க்கரை ஒரேயடியாக ஏறாமல் பார்த்துக்கொள்ளும். உப்பு இருப்பதால் குடித்த நீர் உடனே சிறுநீராகப் போகாமல் உடம்பில் தங்கும். வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் இப்படித் தங்காது. அதற்கு முன் வாயில் போடும் பேரீச்சம்பழத்தில் குளுக்கோஸ் ஏற்கெனவே பிரிந்த நிலையில் இருப்பதால் ரத்தத்தில் சீக்கிரம் சேர்ந்துவிடும். கஞ்சியோடு நாலு வடை, ரெண்டு சமோசா என்று போனால்தான் சிக்கல். எண்ணெய்ப் பண்டம் வயிற்றிலேயே நெடுநேரம் கிடந்து, தராவீஹில் நெஞ்செரிச்சல் தந்து, இருக்கிற தூக்கத்தையும் கெடுக்கும்.

சர்க்கரை நோயாளிகளுக்குக் கணக்கே வேறு. இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ அப்போதே நோன்பைத் திறந்துவிட வேண்டும். விரல் நுனியில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது. நோயாளிக்கும் பயணிக்கும் குர்ஆனே சலுகை தந்திருக்கிறது. 'மாலை வரை தாங்கிப் பார்ப்போம்' என்று மயங்கி விழுந்தவர்களை என் குடும்பத்திலேயே பார்த்திருக்கிறேன்.

அத்தாவும் பின்னாளில் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார். கடைக் கணக்கை அதிகாலைத் தொழுகையான சுபுஹுக்குப் பிறகு உட்கார்ந்து முடித்துவிடுவார். லுஹர் தொழுதுவிட்டு, துணிக்கட்டில் தலை வைத்து இருபது நிமிடம் தூங்குவார். அதன் பிறகு மாலையில் துணியை ஒருமுறைதான் அளந்தார்.