பொது உண்டியல் ஏன் காலியாகிறது?

“மற்றவர்கள் கொடுத்தாலே காரியம் நடந்துவிடுமே, நான் எதற்குக் கொடுக்க வேண்டும்? எல்லாரும் இப்படி நினைத்தால் பொதுக் காரியம் எதுவுமே நடக்காதே?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இதைச் சோதிப்பதற்கென்றே பொருளியல் ஆய்வுக்கூடங்களில் ஒரு விளையாட்டு இருக்கிறது.

முகம் தெரியாத நான்கு பேர். ஆளுக்கு 20 டோக்கன். கடைசியில் அவை நிஜப் பணமாகும். பொது உண்டியலில் விழுவது 1.6 மடங்காகப் பெருகி நால்வருக்கும் சமமாகப் பிரியும். எல்லாரும் முழுவதையும் போட்டால் ஆளுக்கு 32 கிடைக்கும். மூவர் போட்டு ஒருவர் மட்டும் கையை மூடிக்கொண்டால், அவருக்கு 44, போட்டவர்களுக்கு 24. தன் லாபத்தை மட்டும் பார்க்கும் கணக்குப்படி யாரும் போடக் கூடாது. ஆனால் முதல் சுற்றில் மக்கள் சராசரியாகக் கையிலிருப்பதில் பாதியளவு போட்டுவிடுகிறார்கள்! அப்புறம் சுற்றுக்குச் சுற்று குறைகிறது. பத்தாவது சுற்றில் உண்டியல் கிட்டத்தட்டக் காலி.

‘பார்த்தீர்களா, மனிதன் சுயநலக்காரன், பழகப் பழகச் சாயம் வெளுத்துவிட்டது’ என்று சொல்லத் தோன்றும். அது தவறு. 2001-இல் ஃபிஷ்பாக்கர், கெஹ்டர், ஃபெர் என்ற பொருளியலாளர்கள் மூவரும் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள்: “மற்றவர்கள் சராசரியாக இவ்வளவு போட்டால் நீங்கள் எவ்வளவு போடுவீர்கள்?” ஏறக்குறைய பாதிப் பேர் ‘அவர்கள் கூட்டினால் நானும் கூட்டுவேன்’ என்ற ரகம். என்ன ஆனாலும் ஒன்றும் போடாதவர்கள் சுமார் 30 விழுக்காடுதான்.

இந்த இரண்டு ரகமும் ஒரே குழுவில் சேரும்போது நடப்பதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். மூவர் ‘நீ போட்டால் நான்’ ரகம், ஒருவர் ஓசி ரகம் என்று வையுங்கள். முதல் சுற்றில் மூவரும் 12 போடுகிறார்கள், நான்காமவர் பூஜ்யம். மூவரில் ஒருவருடைய இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். மற்றவர்கள் போட்டது 12, 12, 0. சராசரி 8. சரி, நானும் 8 போடுகிறேன். மற்ற இருவரும் அதையே செய்கிறார்கள். இப்போது கண்ணில் படுவது 8, 8, 0. அடுத்து 5. பிறகு 3. பிறகு 2. மூவரில் ஒருவர்கூட ஏமாற்றவில்லை. ஒவ்வொருவரும் நியாயமாக, மற்றவர்கள் செய்த அளவுக்குச் செய்திருக்கிறார்கள். அந்த நியாயமே உண்டியலை வற்றவைத்துவிட்டது. ஓசிக்காரர் இல்லாவிட்டாலும், எல்லாரும் மற்றவர்களைவிடக் கொஞ்சமே கொஞ்சம் குறைத்துப் போட்டால் இதே சரிவு வரும், மெதுவாக வரும், அவ்வளவுதான்.

இன்னொரு சான்று 1988-இல் பொருளியலாளர் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி செய்த சோதனை. பத்துச் சுற்று முடிந்து பங்களிப்பு சரிந்தபின், “மறுபடி முதலிலிருந்து ஆடலாம்” என்றார். சட்டென்று மீண்டும் ஏறியது. பாடம் கற்றுச் சுயநலக்காரர்களாகியிருந்தால் ஏன் ஏற வேண்டும்? மனம் நொந்துதான் நிறுத்தியிருக்கிறார்கள். ‘ஆள் எல்லாம் அப்படித்தான்’ என்பதை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். அதை நம்புகிறவர் முதல் சுற்றிலேயே குறைத்துப் போட்டு, அதை உண்மையாக்கிவிடுகிறார்.

சரிவை நிறுத்த வழி? ஓசிக்காரருக்கு அபராதம் போடும் வசதியை ஃபெரும் கெஹ்டரும் கொடுத்தார்கள். தன் காசில் 1 செலவழித்தால் அவருக்கு 3 குறையும். இனி ஒருபோதும் சந்திக்கப்போவதில்லை என்று தெரிந்தும் மக்கள் செலவழித்தார்கள், உண்டியலும் நிறைந்தது. எல்லா ஊரிலும் அல்ல. 2008-இல் 16 நகரங்களில் ஆடவைத்தபோது, சில இடங்களில் நிறையப் போட்டவரையே தண்டித்தார்கள். இப்படிப் பல ஊர்களில் திருப்பிச் செய்யும் சோதனைகளுக்குத்தான் ஆராய்ச்சி நிதி தாராளமாகப் போக வேண்டும். ஒரே ஊர் மாணவர்களை வைத்து மனித இயல்பை எழுதிவிட முடியாது.

எனக்கு மிகப் பிடித்தது 2006-இல் வந்த ஆய்வு. அபராதம் உள்ள குழு, இல்லாத குழு, எதில் வேண்டுமானாலும் சேரலாம் என்றார்கள். தொடக்கத்தில் பெரும்பாலோர் அபராதம் இல்லாத பக்கம் போனார்கள். அங்கே உண்டியல் வற்ற வற்ற ஒவ்வொருவராக இந்தப் பக்கம் வந்தார்கள். கடைசியில் அநேகமாக எல்லாரும் இங்கேதான், அதுவும் கையிலிருப்பதைக் கிட்டத்தட்ட முழுதாகப் போட்டுக்கொண்டு.