மனக்காயத்துக்குச் சிகிச்சை தருபவர் முதல் நாளே கதையைக் கேட்பதில்லை, ஏன்?

காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொள்கிறது. சிறுவயதில் அடிவாங்கி வளர்ந்த நாற்பது வயது ஆளுக்கு நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. காற்றுதான் என்று தெரிந்தாலும் உடம்பு கேட்பதில்லை. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி, யோசிக்கும் பகுதியை முந்திக்கொள்கிறது.

விபத்தில் சிக்கியவருக்கு, அதற்கு முன் நிம்மதியாக இருந்த காலம் ஒன்று நினைவிருக்கும். சிறுவயது முழுக்க அடியும் அவமானமுமாகக் கழிந்தவருக்கு அந்த 'முன்' கிடையாது. பயமுறுத்தியவரும் அணைத்துக்கொண்டவரும் பல நேரம் ஒரே ஆள் வேறு. இந்த வேறுபாட்டுக்குத் தனிப்பெயர் வேண்டும் என்று 1992இல் வாதிட்டவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன். பேரதிர்ச்சிக்குப் பிறகும் நீடிக்கும் மனப் பாதிப்புக்கு பிடிஎஸ்டி என்று பெயர். அதன் சிக்கலான வகையான 'காம்ப்ளெக்ஸ் பிடிஎஸ்டி' உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இடம்பெற, 2022இல் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திரும்பத் திரும்பத் தாக்கும் நினைவுகளோடு, அடங்காத (அல்லது மரத்துப்போன) உணர்ச்சிகள், 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம், உறவுகளில் ஒட்ட முடியாமை ஆகியவையும் இதில் சேரும்.

சரி, சிகிச்சை? நினைவைக் கிளறினால் பாரம் இறங்கிவிடும் என்பது சினிமாக் கணக்கு. தாங்கும் பிடி இல்லாதவரிடம் கிளறினால் அவர் மறுவாரம் வராமலே போகலாம். அதனால் பல சிகிச்சையாளர்கள் முதலில் உடம்பிலிருந்து தொடங்குகிறார்கள்: பதற்றம் ஏறுவதை முன்கூட்டியே கவனிப்பது, மூச்சை நிதானப்படுத்துவது, கால் தரையில் படுவதை உணர்வது. அப்புறம்தான் நினைவுகள். பாதுகாப்பான அறையில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லும்போது, 'அது அப்போது, இது இப்போது' என்பதை மூளை கற்கிறது. பழைய நினைவு அழிவதில்லை. அதன் வீரியம் குறைகிறது. முதல் கட்டம் எல்லோருக்கும் தேவையா என்று ஆய்வாளர்களிடையே சர்ச்சை உண்டு. தயாராக இருப்பவரை மாதக்கணக்கில் காக்கவைப்பதும் தவறுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எந்த முறையானாலும் பாதி வேலை அந்த இரண்டு நாற்காலிகளுக்கு இடையில்தான் நடக்கிறது. சிகிச்சையாளர் ஐந்து நிமிடம் தாமதமாக வருகிறார். 'இவருக்கும் நான் பாரம்தான்' என்று எதிரில் இருப்பவர் முடிவுகட்டிவிட்டார். இத்தனை வருடம் விழுங்கிய கோபத்தை அன்று வாய்விட்டுச் சொல்கிறார். சிகிச்சையாளர் கத்துவதில்லை, எழுந்து போவதுமில்லை. "காக்கவைத்தது என் தவறுதான்" என்கிறார். அடுத்த வாரம் அதே நேரத்துக்கு அதே நாற்காலியில் இருக்கிறார்.